பெயர் வணக்கம்

தலை பாதி நரைத்து, மீதி நரைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வயதில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அனிமே ரசனைப் பேரவையில் போய்ச் சேர்ந்தார். வீட்டில் பேரவை என்றெல்லாம் சொல்லவில்லை. சிநேகிதர்களோடு படம் பார்க்கப் போகிறேன், ஜப்பான்காரர்கள் வரைகிற பொம்மைப் படம் என்று மட்டும் சொன்னார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறதுன்னா இதுதான்" என்றாள் மனைவி. பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவள் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள்.

அவர் ஒன்றும் வேலைவெட்டி இல்லாமல் சேரவில்லை. எல்லாம் அவருடைய ஒரே மகளுக்காக. அவள் ஒரு அனிமேஷன் கம்பெனியில் இடைப்படம் வரைகிறாள். கை தூக்கியிருப்பதையும் கை இறங்கியிருப்பதையும் வெளிநாட்டிலிருந்து பெரிய கலைஞர்கள் வரைந்து அனுப்பிவிடுவார்கள். தூக்கிய கை எப்படி இறங்கியது என்பது இவள் பாடு. அந்தப் படம் எந்தப் படம் என்று வெளிவரும்வரை வீட்டில்கூட மூச்சு விடக்கூடாது என்பது கம்பெனி விதி.

சாப்பிடும்போது அப்பா கேட்பார்.

"இன்னைக்கு என்னம்மா வரைஞ்ச?"

"மழை."

"நேத்தும் மழைன்ன?"

"அதே மழைதான்பா. இன்னும் விடல."

அவர் சிரித்துவிடுவார். அவளும் சிரிப்பாள், ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டு. சொந்தக்காரர்கள் யாராவது "பொண்ணு என்ன பண்றா?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல இருக்கா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். பொம்மை வரைகிறாள் என்று சொல்ல வாய் வராது. அப்படி ஒருநாள் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் பின்னால் நின்று கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவருக்கு நெஞ்சுக்குள் முள். அவள் செய்கிற வேலை என்னவென்று சரியாகப் புரிந்துகொண்டு, ஒருநாள் அவளிடம் நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார். அதை மகளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். மகளிடம் கேட்பது அவ்வளவு சுலபமாக இருந்தால் உலகத்தில் இத்தனை சங்கங்கள் எதற்கு?

பேரவை ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடியில் இருந்தது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்தான் பேரவைச் செயலாளர். சுவரில் சாலைக் குறியீடுகள் வரிசையாக மாட்டியிருக்கும். நடுவில் வெள்ளைத்துணி கட்டினால் திரை. துணியின் ஓரத்தில் 'முந்தாதே' என்ற குறியீடு மட்டும் எப்போதும் தலைநீட்டிக்கொண்டிருக்கும். பேரவையின் சட்டதிட்டம் மொத்தமும் அதற்குள் அடக்கம்.

"எதுக்குச் சேர வந்திருக்கீங்க?" என்றார் செயலாளர்.

"நல்ல கார்ட்டூனா நாலு பாக்கலாம்னு..."

யாரோ எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடிக்காரரைத் திரையைப் பார்த்து நிற்கவைத்து, "திரையே, என் நாவைப் பொறுத்தருள்" என்று சொல்லவைத்தார்கள். சொன்னார். கடை வைத்திருப்பவன் யாரிடம்தான் மன்னிப்புக் கேட்டதில்லை?

பிறகு விதிகளைச் சொன்னார்கள். மொழிமாற்றிய குரலில் படம் பார்த்தவர் ஒரு மாதம் பின்வரிசை. படம் முடிந்ததும் தலைவர் தொண்டையைக் கனைக்கும்வரை யாரும் பேசக்கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக்கூடாது. தலைவர் கருத்துச் சொன்னபின் அதே கருத்தை உறுப்பினர்கள் தங்கள் சொந்தக் கருத்தாக ஒவ்வொருவராக எழுந்து சொல்லவேண்டும். அப்படிக் குறையில்லாமல் சொல்லிவந்தால் தொடக்க ரசிகர் நடு ரசிகராக உயர்த்தப்படுவார், சட்டையில் பேட்ஜ் மாதிரி ஒரு வில்லை குத்தப்படும். அதற்குமேல் முது ரசிகர். முது ரசிகர் ஒரே ஒருவர்தான். அவர்தான் தலைவர். வெளியில் குழாய் மொத்த வியாபாரம்.

எல்லாவற்றிலும் உச்சம், பெயர் வணக்கம். படம் முடிந்து, உழைத்தவர்களின் பெயர்கள் திரையில் ஏறிக்கொண்டே போகும் அல்லவா? ஊரில் மற்ற ஜனங்கள் அப்போது செருப்பைத் தேடுவார்கள். பேரவைக்காரர்கள் அசையமாட்டார்கள். கடைசிப் பெயர் போகும்வரை நெஞ்சில் கைவைத்து, கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள்.

"கண்ணை எதுக்குங்க மூடணும்?" என்று கேட்டுவிட்டார் கண்ணாடிக்காரர். மேல்வரியிலிருந்து படிங்க என்று சொல்லியே சோறு தின்கிற மனிதர், கேட்காமல் இருப்பாரா?

"உழைச்சவங்களை வெறிச்சுப் பாக்கறது மரியாதையா?" என்றார் செயலாளர். "மனசால பாக்கணும் சார்."

அதுவும் சரிதான் என்று பட்டது. பெரியவர்கள் உறுதியாகச் சொன்னால் எதுவும் சரிதான் என்று படுகிற மனசு அவருடையது.

முதல் படம் தியேட்டரிலேயே. கூட்டமாகப் போனார்கள். அலுவலக வேலையை விட்டுவிட்டு, ஊர் ஊராகத் தன் அக்காவைத் தேடிப் போகிற ஒரு பெண்ணின் கதை. பாதிப் படத்துக்கு மழை. ஒரு இடத்தில் அந்தப் பெண் பஸ் நிறுத்தத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறாள். தெருவிளக்கெல்லாம் கரைந்து பூப்பூவாகிறது. ஈரச்சட்டை நுனியால் துடைக்கிறாள், இன்னும் மோசமாகிறது. அதையே மாட்டிக்கொண்டு, அந்த மங்கலுக்குள்ளேயே பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கிறாள். கண்ணாடிக்காரருக்கு பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடி போட்டவர்கள் மழையில் படுகிற பாட்டை யாரோ ஒரு புண்ணியவான் இத்தனை அக்கறையாகக் கவனித்திருக்கிறானே!

பக்கத்திலிருந்த செயலாளரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வாத்தியார் பழக்கம்.

"பிரேக், பிரேக்! அழுகை பாலத்துக் காட்சியிலதான் சார்."

பாலத்துக் காட்சி வந்தபோது அவரிடம் கண்ணீர் இல்லை. கண்ணைக் கசக்கிச் சமாளித்தார்.

பெயர் வணக்கம் முடிந்து, மாடிக்குத் திரும்பி, தலைவர் கனைத்தார்.

"நான் ஒரு படத்தை ரசித்து வருஷக்கணக்காகிறது நண்பர்களே. ரசிப்பது தொடக்க நிலை. இப்போதெல்லாம் நான் படம் பார்க்கும்போது, படம் பார்க்கிற என்னைத்தான் பார்க்கிறேன். என்ன ஒரு அனுபவம்!" கைதட்டல். "அந்த மழையைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு துளிக்கும் தனி எடை. அந்த மண்ணில் பிறந்து அந்த மழையில் நனைந்த கைக்குத்தான் அது வரும். நம் ஊர்ப் பிள்ளைகள் வரைந்தால் குழாய் உடைந்த மாதிரி இருக்கும். குழாய் எனக்குத் தெரியும்." பலத்த கைதட்டல்.

ஒவ்வொருவராக எழுந்து தத்தம் சொந்தக் கருத்தாக அதையே சொன்னார்கள். கண்ணாடிக்காரரும் சொன்னார். மூக்குக்கண்ணாடியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வீட்டில் மகள் தட்டின்முன் உட்கார்ந்திருந்தாள். எந்தப் படம் என்று கேட்டாள். சொன்னார். சோற்றில் கைவைத்தவள் அப்படியே நிமிர்ந்தாள்.

"கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தியாப்பா?"

"பின்ன? கடைசி எழுத்து வரைக்கும். பேர் போகும்போது ஒரு குண்டூசி விழற சத்தம் இல்ல."

"பேரெல்லாம் வந்துச்சா?"

"வராம? அது பாட்டுக்கு மலை மாதிரி ஏறுது."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்கக் காத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. தான் கற்றுக்கொண்டதை எடுத்துவிட இதுதான் சமயம் என்று நினைத்தார் பாவி மனுஷன்.

"ஆனா அந்த மழை இருக்கே, அது அந்த மண்ணுல பொறந்த கைக்குத்தாம்மா வரும். நம்ம ஊர்ப் பிள்ளைங்க வரைஞ்சா குழாய் ஒடஞ்ச மாதிரிதான் இருக்கும்."

"யாரு சொன்னா?"

"நானேதான் சொல்றேன்."

"ம்" என்றாள் மகள். அப்புறம் தண்ணீர் குடித்தாள். அதற்குப்பின் அவர் "இன்னைக்கு என்ன வரைஞ்ச?" என்று கேட்டால், "ஏதோ வரைஞ்சேன்" என்பதோடு சரி.

பேரவையில் அவருடைய வளர்ச்சி ஜாம்ஜாமென்று நடந்தது. இயந்திர மனிதர்கள் ஒருவரையொருவர் நொறுக்கிக்கொண்டே இருந்த ஒரு படம். அவருக்குத் தலைவலிதான் மிச்சம். தலைவர், "இது போரைப் பற்றிய படமல்ல, தனிமையைப் பற்றிய படம்" என்றார். அடுத்து, ஒரு பெண் ரயிலுக்குக் காத்திருந்து, ரயில் வராமல் வீட்டுக்குத் திரும்பிய படம். "இது தனிமையைப் பற்றிய படமல்ல, போரைப் பற்றிய படம்" என்றார். இரண்டையும் கண்ணாடிக்காரர் எழுந்து நின்று பிசிறில்லாமல் ஒப்பித்தார். கைதட்டினார்கள். அவர் எத்தனையோ பேருக்குப் பார்வையைச் சரிசெய்து அனுப்பியிருக்கிறார், ஒருத்தராவது திரும்பி வந்து கைதட்டியதுண்டா? கைதட்டலுக்கு மயங்காத மனுஷன் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் மகள் சம்பந்தமில்லாமல் கடையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள்.

"லென்ஸைத் தொடைக்கறப்ப வாயால ஊதுவியாப்பா?"

"ஊதக்கூடாது. கறை படியும். துணிதான்."

"ஆனா நீ ஊதுற. ஊதிட்டு, ஐயோன்னு நிறுத்திட்டு, அப்புறம் துணியை எடுக்கற."

"யாரு, நானா? போடி போடி, சாப்பிடு."

குறும்பட நாள் வந்தது. புதிதாக வெளியான குட்டிப் படங்களைப் போட்டு, எடுத்தவர்களையும் வரவழைத்து, அவர்களுக்குத் 'திருத்தம்' வழங்குவது பேரவையின் வருடாந்திர அருட்செயல். திருத்தம் பெற்றவர்கள் நன்றி மட்டும் சொல்லவேண்டும். அன்றைக்குத்தான் கண்ணாடிக்காரருக்கு நடு ரசிகர் வில்லை. அதற்கு ஈடாக ஒரு படத்துக்கு அவரே முதல் கருத்து சொல்லவேண்டும். என்ன கருத்து என்பதைச் செயலாளர் முன்கூட்டியே காதில் சொன்னார்.

"கடைசிப் படம் உங்களுது. உள்ளூர்ல எடுத்தது. வறட்சி, மேலோட்டம், இது அனிமேயே இல்ல. இந்த மூணையும் விட்டுடாதீங்க."

"படத்தை இன்னும் பாக்கலையே?"

"பாத்தா குழம்பிடுவீங்க சார்."

விளக்கை அணைத்தார்கள். ஒரு பூனை ஒரே கோட்டில் நடந்து ஒரே கோட்டில் தூங்கிய படம் போனது. தன்னையே அழித்துக்கொள்ளும் ரப்பரின் படம் போனது. பிறகு அவர் பங்குப் படம் வந்தது.

ஒரு கண்ணாடிக் கடை. மேஜைக்கு அடியில் ஒரு சின்னப்பெண் பழைய லென்ஸ்களைப் பரப்பி விளையாடிக்கொண்டிருக்கிறாள். மேலே அப்பா. வருகிறவர்களுக்கெல்லாம் குனிந்து குனிந்து கண்ணாடி மாட்டுகிறார். பெண் ஒரு லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து அப்பாவைப் பார்க்கிறாள். மங்கல். இன்னொன்று. இன்னும் மங்கல். அப்பா லென்ஸை வாயால் ஊதுகிறார், ஐயோ என்று நிறுத்துகிறார், துணியை எடுக்கிறார். உட்காரும் ஸ்டூலின் ஒரு கால் கம்பியால் கட்டியிருக்கிறது.

கண்ணாடிக்காரர் நாற்காலி நுனிக்கு வந்தார். அந்தக் கம்பியைக் கட்டியது அவர்தான். முறுக்கிய முனையில் அவர் வேட்டி சிக்கிக் கிழிந்ததுகூட உண்டு.

கடைசியில் அந்தப் பெண் ஒரு லென்ஸைக் கண்டுபிடிக்கிறாள். அதில் அப்பா தெளிவாகத் தெரிகிறார். ஆனால் தெரிவது முதுகு. அவர் திரும்பவில்லை. அவள் லென்ஸை இறக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். படம் முடிந்துவிட்டது.

பெயர்கள் வரப்போகின்றன. எல்லோரும் நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடினார்கள். கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் கிடைத்தது. திறந்திருந்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் பேசமுடியாது. பேசாவிட்டால் வில்லை கிடையாது, கைதட்டல் கிடையாது, பின்வரிசைதான். உலகத்தில் ஒரு கண்ணாடிக் கடைதானா இருக்கிறது, கால் உடைந்த ஸ்டூல் எந்தக் கடையில்தான் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டு கண்ணை மூடினார். மற்றவர்களைவிட இறுக்கமாக மூடினார்.

பிறகு எழுந்து நின்று பேசினார். வறட்சி என்றார். மேலோட்டம் என்றார். இது அனிமேயே இல்லை என்றார். மூன்றும் ஆனபின் உட்கார்ந்திருக்கலாம். கைதட்டல் சூட்டில் நாக்கு நிற்கவில்லை. அன்றுவரை சொந்தமாக எதையும் சொல்லாத மனிதர், முதல்முறையாகச் சொந்தமாக ஒன்று சொன்னார்.

"அதுலயும் அந்த அப்பா பாத்திரம் நம்பற மாதிரியே இல்லைங்க. பெத்த பொண்ணு காலடியில உக்காந்திருக்கு, ஒருதடவைகூட திரும்பிப் பாக்காத அப்பன் எந்த ஊர்ல இருக்கான்? மனுஷங்களைக் கவனிக்காம வரைஞ்சா இப்படித்தான்."

மாடியே அதிர்ந்தது. தலைவர் எழுந்துவந்து கையைக் குலுக்கினார். "கேட்டீர்களா? இதுதான் பார்வை!"

விளக்கைப் போட்டார்கள். படம் எடுத்தவரை மேடைக்கு அழைத்தார்கள். விளக்கணைத்தபின் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய மகள் எழுந்து வந்தாள்.

வரிசைகளுக்கு நடுவே அவள் நடந்துவந்த நேரம் முழுக்க, கண்ணாடிக்காரர் 'முந்தாதே' குறியீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். காது சுட்டது. தரை பிளந்து விழுங்காதா என்பதெல்லாம் சும்மா வாய்வார்த்தை என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். ஜனங்கள் அனுபவித்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

"திருத்தம் வழங்கிய நடு ரசிகருக்கு நன்றி சொல்லுங்கம்மா" என்றார் செயலாளர்.

"நன்றி" என்றாள் மகள். "அப்பா பாத்திரத்தைப் பத்தி சார் சொன்னது உபயோகமா இருந்துச்சு. யோசிக்கிறேன் சார்."

சார். பெற்ற மகள் தன்னைச் சார் என்று கூப்பிட்டதை அவர் அன்றுதான் கேட்டார். "அது என் பொண்ணுங்க" என்று சொல்ல வாயைத் திறந்தார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. இத்தனை நாள் 'கம்ப்யூட்டர்ல இருக்கா' என்று சொல்லிப் பழகிய வாய்க்கு நல்லது சொல்லத் தெரியுமா?

பேரவை மரபுப்படி வில்லையைக் குத்திவிட வேண்டியவர் விருந்தாளி. செயலாளர் அதை மகள் கையில் கொடுத்தார். அவள் கிட்டே வந்து, சட்டையைப் பிடித்து, குனிந்து ஊசியைத் திறந்தாள். அவர் கூனிக்குறுகி நின்றார்.

"நேரா நில்லுப்பா" என்று அவருக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னாள். "ஊசி குத்திடும்."

எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்று மகள் தோழி வீட்டில் தங்கிவிட்டாள். மறுநாள் கடையில் ஒரு பெரியவரை உட்காரவைத்துச் சோதனைக் கண்ணாடியை மாட்டிய கண்ணாடிக்காரர், பாதியில் விட்டுவிட்டு, போனை எடுத்து அந்தப் படத்தைத் தேடினார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று போட்டிருந்தார்கள். முதுகு வந்தது. படம் முடிந்தது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். எழுத்து பொடியாக இருந்தது. பெட்டியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துப் பிடித்தார்.

கதை, இயக்கம் என்ற இடத்தில் அவள் பெயர். வண்ணம், இசை என்று இன்னும் இரண்டு மூன்று பேர். எல்லாம் போனபின், கடைசியில் தனியாக ஒரு வரி: கண்ணாடிக் கடை ஆலோசகர் — என் அப்பா.

"சார், எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர்.

"கொஞ்சம் இருங்கய்யா" என்றார் கண்ணாடிக்காரர். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, லென்ஸை வாயால் ஊதினார். ஐயோ என்று நிறுத்தினார்.

செயலாளருக்குப் போன்போட்டுப் பேரவையிலிருந்து விலகுவதாகச் சொன்னார். "அவமானமா இருக்குங்க" என்றார்.

"விலகறதுக்கு அது அங்கீகரிச்ச காரணம் இல்லையே சார்" என்றார் செயலாளர். "தனிமைன்னு போட்டுக்கறேன்."

சாயங்காலம் மகள் வீட்டில் இருந்தாள். தன் மேஜையில், திரைமேல் பேனாவை வைத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. கதவருகே நின்று அவர் கனைத்தார். தலைவரின் கனைப்பு மாதிரி இருந்ததும் வெட்கிப்போய் நிறுத்திக்கொண்டார்.

"பாத்தேம்மா. கடைசி வரைக்கும்."

"கண்ணைத் திறந்துகிட்டா?"

"திறந்துகிட்டுத்தான்." கொஞ்சம் நின்று, "அந்த மழையும்..." என்றார்.

"ஆமா."

ஒரு வருஷ மழையை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அந்த மூக்குக்கண்ணாடி இடத்தில் தான் அழுததைச் சொல்லலாமென்று அவருக்கு ஆசையாக இருந்தது. இப்போது சொன்னால் யார் நம்புவார்கள் என்று விட்டுவிட்டார்.

"நேத்து நீ சொன்னியே, அதை யோசிச்சேன்" என்றாள் மகள், திரும்பாமலே. "கடைசியில அந்த அப்பாவைத் திரும்பிப் பாக்க வெச்சுடலாம். பெரிய வேலை இல்ல. தலை திரும்பறதுக்கு நடுவுல கொஞ்சம் படம் போடணும், அவ்வளவுதான்."

கண்ணாடிக்காரர் சட்டையிலிருந்த வில்லையைக் கழற்றினார். அது குத்தியிருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தது.

"வேணாம்மா" என்றார். "அவன் திரும்பிப் பாக்கல. நீ சரியாத்தான் வரைஞ்சிருக்க."